காவிரி வந்தும் கவலை தீரவில்லை: குடத்துத் தண்ணீர் குடிக்கத் தக்கதா?

பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் தண்ணீருக்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று 'காவேரி தண்ணீர்'. மற்றொன்று 'போர் தண்ணீர்'. முன்னது குடிக்கவும் சமைக்கவும். பின்னது குளிக்கவும் துவைக்கவும் பாத்திரம் கழுவவும். சீராம்புரத்திலும் நீலசந்திராவிலும் ஈஜிபுராவிலும் வரிசை வீடுகளில் குடியிருக்கும் பெண்கள் இரண்டையும் தனித்தனிக் குடங்களில் பிடித்து வைக்கிறார்கள். வீடு பார்க்கப் போகிறவர்கள் வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு என்று விசாரிப்பதற்கு முன்பே, "காவேரி வருமா?" என்றுதான் கேட்கிறார்கள்.

இந்தப் பாகுபாடு அனுபவத்தில் பிறந்தது. பெருமளவுக்குச் சரியானதும்கூட. ஆனால் காவேரி என்றால் சுத்தம், போர் என்றால் அசுத்தம் என்று அதைச் சுருக்கிக்கொள்வதில்தான் ஆபத்து இருக்கிறது. காவேரி தண்ணீரைக் குடித்தவர்களுக்கும் காமாலை வருவதுண்டு. போர் தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சிக் குடித்தாலும் அதிலுள்ள சில கெடுதல்கள் போவதில்லை. கேன் வாங்குகிற வீட்டிலும், பல ஆயிரம் கொடுத்து இயந்திரம் மாட்டிய வீட்டிலும் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு நிற்பதில்லை.

காரணம் எளிது. தண்ணீரைக் கெடுப்பவை இரு வகை. ஒன்று கிருமி, மற்றொன்று கரைந்திருக்கும் உப்பு. ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கு உதவாது. இந்த வேறுபாடு தெரியாத காரணத்தால் மாதச் சம்பளத்தில் காலம் தள்ளும் குடும்பங்கள் பணத்தையும் இழந்து ஆரோக்கியத்தையும் இழந்து வருகின்றன.

நூறு கிலோமீட்டர் பயணம்

பெங்களூர் ஆற்றங்கரையில் பிறந்த நகரம் அல்ல. ஏரிகளையும் கிணறுகளையும் நம்பி வளர்ந்த ஊர் இது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹெசரகட்டா ஏரியிலிருந்து குழாய் நீர் வந்தது. 1933இல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம் வந்தது. நகரம் பெருகப் பெருக அவை போதவில்லை. 1964இல் குடிநீர் வழங்கலுக்கும் கழிவுநீர் அகற்றலுக்கும் தனி வாரியம் அமைக்கப்பட்டது. 1974இல் காவிரித் திட்டத்தின் முதல் கட்டம் நிறைவேறியது.

மண்டியா மாவட்டம் மளவள்ளி வட்டத்திலுள்ள தொரெகாடனஹள்ளியில் ஆற்று நீர் சுத்திகரிக்கப்படுகிறது. அங்கிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவுக்கு, சுமார் 500 மீட்டர் உயரத்துக்கு, கட்டம் கட்டமாக இறைத்து ஏற்றப்பட்டு நகரை வந்தடைகிறது. இவ்வளவு மின்சாரத்தை விழுங்கி வரும் குடிநீர் நம் நாட்டில் சில நகரங்களுக்கே உரியது.

காவிரி என்ற சொல் பெங்களூர்த் தமிழர்களுக்கு வெறும் தண்ணீரைக் குறிப்பதல்ல. 1991லும் 2016லும் அந்தப் பெயரால் நடந்த கலவரங்களில் கடை அடைத்தவர்கள், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தவர்கள், ஊருக்கு ஓடியவர்கள் பலர். ஆயினும் மறுநாள் காலை அதே காவிரியைத்தான் கன்னடரும் தமிழரும் ஒரே குழாயடியில் பிடித்தார்கள். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் கர்நாடகத்துக்குக் கூடுதலாக 14.75 டி.எம்.சி. ஒதுக்கப்பட்டபோது, அதில் 4.75 டி.எம்.சி. பெங்களூரின் குடிநீருக்கு என்றே குறிக்கப்பட்டது. அந்தக் குடிநீரைக் குடிப்பவர்களில் பல லட்சம் தமிழர்களும் அடக்கம்.

2024இன் கோடை

2024ஆம் ஆண்டு கோடை நகரத்தையே உலுக்கிவிட்டது. அவ்வாண்டு மார்ச்சில் முதலமைச்சர் சித்தராமையா வெளியிட்ட கணக்கின்படி, நகரின் தேவை நாளொன்றுக்கு 260 கோடி லிட்டர். காவிரியிலிருந்து கிடைத்தது 147 கோடி லிட்டர். ஆழ்துளைக் கிணறுகள் தந்தது 65 கோடி லிட்டர். எஞ்சிய ஏறத்தாழ 50 கோடி லிட்டர் பற்றாக்குறை. அரசின் பொறுப்பிலிருந்த சுமார் 14,000 ஆழ்துளைக் கிணறுகளில் 6,900க்கு மேற்பட்டவை வறண்டு போயின. டாங்கர் லாரிக்காரர்கள் சொன்னதே விலை என்றாகி, 12,000 லிட்டர் லாரிக்கு 5 கிலோமீட்டருக்குள் 1,000 ரூபாய் என்று மாவட்ட நிர்வாகம் உச்சவரம்பு விதிக்க நேர்ந்தது. குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்றும் அறிவிக்கப்பட்டது.

2024 அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டம் தொடங்கப்பட்டது. நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதலாகக் கொண்டுவரும் திட்டம் இது. 2007இல் மாநகராட்சியுடன் சேர்க்கப்பட்ட 110 கிராமங்களை முக்கியமாக உத்தேசித்தது. ஒயிட்பீல்டு, மகாதேவபுரா, பொம்மனஹள்ளி பக்கங்களில் கட்டட வேலைக்கும் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போகும் தமிழ்த் தொழிலாளர்கள் மிகுதியாகக் குடியிருப்பது இந்த விளிம்புப் பகுதிகளில்தான்.

ஆனால் பெரிய குழாய் ஊருக்கு வருவது வேறு. நல்ல தண்ணீர் குடத்துக்கு வருவது வேறு. வீட்டுக்காரர் இணைப்புக் கட்டணம் செலுத்தி இணைப்பு வாங்காத இடத்தில் குடியிருப்பவருக்கு ஐந்தாம் கட்டமும் இல்லை, முதல் கட்டமும் இல்லை. லாரித் தண்ணீரே கதி.

கடைசி ஐம்பது அடி

தொரெகாடனஹள்ளியில் வடிகட்டி, குளோரின் சேர்த்து அனுப்பும் தண்ணீரில் பெரும்பாலும் குறை காண முடியாது. குறை நேர்வது பயணத்தின் கடைசிப் பகுதியில்.

பல பகுதிகளில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள், அதுவும் சில மணி நேரமே வருகிறது. குழாயில் நீர் ஓடும்போது உள்ளிருந்து வெளியே அழுத்தம் இருக்கும். விரிசல் இருந்தாலும் நல்ல நீர் வெளியே கசியுமே தவிர, சாக்கடை உள்ளே வராது. நீர் நின்றதும் நிலைமை தலைகீழாகிறது. காலியான குழாய் பக்கத்தில் தேங்கி நிற்கும் எதையும் விரிசல் வழியே உறிஞ்சிக்கொள்கிறது. குடிநீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் அருகருகே ஓடும் குறுகிய சந்துகளில் இது நேர்வதற்கு வாய்ப்பு மிகுதி. தெருக் குழாயில் நேராக மோட்டாரைப் பொருத்தி இழுப்பவர்கள் இந்த உறிஞ்சலை மேலும் வலுவாக்குகிறார்கள். அவர்களுக்கு இரண்டு குடம் கூடுதலாகக் கிடைக்கிறது. சந்து முழுவதற்கும் சாக்கடை கிடைக்கிறது.

குழாயைத் தாண்டியதும் சம்ப். பத்து வீடுகளுக்குப் பொதுவாக வாசலில் தோண்டிய தொட்டி. அதன் மூடி தரையோடு தரையாக இருந்தால் மழை நீரும் கழுவிவிட்ட நீரும் உள்ளே இறங்கும். பக்கத்திலேயே கழிப்பறைத் தொட்டி இருந்தால் கேட்க வேண்டியதில்லை. பல சம்ப்களில் காவேரியும் போரும் லாரித் தண்ணீரும் ஒன்றாகக் கலக்கின்றன. அப்புறம் எந்தக் குடத்தில் பிடித்தால் என்ன?

சம்பிலிருந்து மாடியிலுள்ள டாங்கி, டாங்கியிலிருந்து குடம், குடத்துக்குள் கை நுழைத்து எடுக்கும் சொம்பு. நூறு கிலோமீட்டர் சுத்தமாக வந்த தண்ணீர் கடைசி ஐம்பது அடியில் கெட்டுப் போகிறது.

டில்லி கற்பித்த பாடம்

கலங்கல் தண்ணீர் எவ்வளவு பெரிய கேட்டை விளைவிக்கும் என்பதற்கு நாட்டின் தலைநகரமே சாட்சி. 1955 டிசம்பரிலும் 1956 ஜனவரியிலும் டில்லியில் ஏறத்தாழ 29,000 பேர் காமாலையால் பாதிக்கப்பட்டனர். யமுனையின் போக்கு மாறியதில், வஜீராபாத் நீரேற்று நிலையத்தின் வாயருகே சாக்கடை நீர் புகுந்துவிட்டது. அதிகாரிகள் குளோரின் அளவை உயர்த்தினார்கள். அதனால் டைபாய்டு பெருகவில்லை. காமாலைக் கிருமியோ தப்பித்துக்கொண்டது. அது 'ஹெபடைடிஸ் ஈ' என்னும் வகை என்பது பின்னாளில் தெளிவாயிற்று. கர்ப்பிணிகளுக்கு இது உயிருக்கே உலை வைக்கக்கூடியது.

அண்மைக் காலத்தில் கர்நாடகத்திலேயே, சித்ரதுர்கா நகரையொட்டிய கவாடிகரஹட்டியில் 2023 ஆகஸ்டில் அசுத்த நீர் குடித்து உயிர்கள் பறிபோயின. ஏழைகள் குடியிருக்கும் பகுதி அது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இவற்றிலிருந்து தெரிவது என்ன? சாக்கடை கலந்துவிட்டது என்ற சந்தேகம் எழுந்தால் குளோரினை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. அந்தத் தண்ணீரை ஒதுக்க வேண்டும். வேறு வழியே இல்லாவிட்டால் நன்றாகக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். அதே நேரத்தில், குழாயில் லேசாக 'மருந்து வாடை' அடித்தால் முகம் சுளிக்கவும் தேவையில்லை. குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் விதி. அந்த வாடை தண்ணீருக்குக் காவல் இருப்பதன் அடையாளம்.

காய்ச்சினால் போகாதது

கிருமிக்குக் கொதி நீர் போல மருந்து இல்லை. ஆனால் உப்புக்கு அது மருந்தல்ல. தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஆகவே நீண்ட நேரம் காய்ச்சக் காய்ச்ச உப்பின் செறிவு கூடுமே அன்றிக் குறையாது.

உப்பு என்றவுடன் பாத்திரத்தில் படியும் வெள்ளைச் சுண்ணாம்பே நினைவுக்கு வரும். அது கண்ணுக்குத் தெரிவதால் பயமுறுத்துகிறது. உண்மையில் அது பருப்பை வேகவிடாது, சோப்பை நுரைக்கவிடாது, ஹீட்டரைக் கெடுக்கும். ஆனால் தண்ணீரின் கடினத் தன்மைக்கு உலக சுகாதார நிறுவனம் உடல்நல அடிப்படையில் உச்சவரம்பு எதுவும் விதிக்கவில்லை. அஞ்ச வேண்டியவை கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாத இரண்டு. ஒன்று நைட்ரேட், மற்றொன்று புளோரைடு.

நைட்ரேட் பெரும்பாலும் சாக்கடையும் கழிப்பறைத் தொட்டிகளும் நிலத்தடியில் இறங்குவதால் வருவது. லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தரம். பெங்களூரில் பல ஆழ்துளைக் கிணறுகள் இந்த வரம்பைத் தாண்டியவை. பெரியவர்களைவிட ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கே இதனால் ஆபத்து. இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனைக் குறைத்து, உதடும் நகமும் நீலம் பாரிக்கச் செய்யும். போர் தண்ணீரைக் காய்ச்சி, அதில் பால் பவுடர் கரைத்துக் கொடுக்கும் தாய் நல்லது செய்வதாகவே நினைக்கிறாள். காய்ச்சியதில் நைட்ரேட் போகவில்லை என்பது அவளுக்குத் தெரிய வழியில்லை.

புளோரைடு பாறையிலிருந்து வருவது. 1 மில்லிகிராம் வரை நன்று. வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது தர விதி. அதற்கு மேல் ஆண்டுக் கணக்கில் குடித்தால் பல்லில் பழுப்புக் கறை படியும். இன்னும் மிகுந்தால் எலும்பும் மூட்டும் இறுகும். கோலார், சிக்பள்ளாபூர், தும்கூர் மாவட்டங்களில் இது நெடுநாளைய பிரச்சினை.

தர்மபுரியின் அனுபவம்

பெங்களூருக்குப் பிழைக்க வந்தவர்களில் கணிசமானோர் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்தார். பல்லில் கறை என்றால் என்ன என்று அவர்களுக்கு எவரும் சொல்லத் தேவையில்லை. ஊரில் பாட்டன் காலத்திலிருந்து பார்த்த காட்சி அது. வீட்டில் காய்ச்சியும் துணியில் வடிகட்டியும் அந்தக் கறை நீங்கவில்லை. நீக்கியது எது? 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டு 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். புளோரைடு கலந்த நிலத்தடி நீருக்குப் பதிலாகக் காவிரி ஆற்று நீரை அந்த இரு மாவட்டங்களுக்கும் கொண்டுசெல்வதே அதன் நோக்கம்.

இதில் ஒரு தெளிவான பாடம் இருக்கிறது. கிருமியை வீட்டு அடுப்பு கொல்லும். உப்பைப் போக்குவது வீட்டு அடுப்பின் வேலை அல்ல. அதற்கு நீரின் மூலத்தையே மாற்ற வேண்டும். அது அரசின் வேலை. வீட்டில் உள்ளவர்கள் தங்கள் பங்கைச் செய்ய வேண்டும் என்பது எவ்வளவு உண்மையோ, அரசின் பங்கை அவர்கள் தலையில் கட்டக் கூடாது என்பதும் அவ்வளவு உண்மை.

இயந்திர வியாபாரம்

இந்தக் குழப்பத்தில்தான் இயந்திர வியாபாரம் கொழிக்கிறது. வாசலுக்கு வரும் விற்பனையாளர் இரண்டு டம்ளர் தண்ணீர் கேட்கிறார். ஒன்று வீட்டுத் தண்ணீர், மற்றொன்று அவரது இயந்திரத்தின் தண்ணீர். உலோகக் கம்பிகள் கொண்ட ஒரு கருவியை இரண்டிலும் அமிழ்த்தி மின்சாரம் பாய்ச்சுகிறார். வீட்டுத் தண்ணீர் சில நிமிடங்களில் பழுப்பு நிறச் சேறாகிறது; மற்றது தெளிவாக நிற்கிறது. பார்த்தவர்கள் பதறிப்போய் முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள்.

உண்மை என்னவென்றால், அந்தச் சேறு தண்ணீரிலிருந்து வந்ததல்ல, கம்பியிலிருந்து வந்தது. சிறிதளவு உப்புள்ள எந்த நல்ல தண்ணீரிலும் மின்சாரம் பாயும். இரும்புக் கம்பி கரைந்து பழுப்பாகும். உப்பே இல்லாத தண்ணீரில் மின்சாரம் சரியாகப் பாயாது; ஆகவே நிறம் மாறாது. காவிரியின் நல்ல நீரையும் இந்தக் கருவி சேறாக்கிக் காட்டும்.

பேனா போன்ற டி.டி.எஸ். கருவியைக் காட்டி எண்ணைப் படிப்பதும் இப்படித்தான். அது கரைந்திருக்கும் உப்பின் மொத்த அளவைத்தான் சொல்லும். 500 வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் இல்லாதபோது 2,000 வரை அனுமதிக்கத்தக்கது என்பது விதி. கிருமி இருக்கிறதா என்று அந்தப் பேனாவுக்குத் தெரியாது. 150 என்று காட்டும் தண்ணீரில் காமாலைக் கிருமி இருக்கலாம். 700 என்று காட்டும் தண்ணீரில் கிருமியே இல்லாமலும் இருக்கலாம்.

ஆர்.ஓ. இயந்திரம் உப்பைக் குறைக்கும். போர் தண்ணீரைத் தவிர வேறு கதியில்லை, அதில் நைட்ரேட்டோ புளோரைடோ மிகுதி என்று சோதனையில் தெரிந்தால் அது பயனுள்ளதே. காவிரி நீருக்கு அது வீண் செலவு. ஒரு லிட்டர் குடிநீர் தருவதற்குள் வீட்டு இயந்திரம் இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்புகிறது. குடத்துக்குக் காத்திருக்கும் நகரில் இது அநியாயம். 500க்குக் குறைந்த டி.டி.எஸ். உள்ள இடங்களில் ஆர்.ஓ. கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் கூறியதும் இதனால்தான். காவிரி நீருக்கு இயந்திரம் வேண்டுமென்றே நினைப்பவர்களுக்குப் புற ஊதாக் கதிர் வகை போதும். ஆனால் அது கிருமியைக் கொல்லுமே தவிர உப்பைத் தொடாது. தண்ணீர் கலங்கலாக இருந்தால் கிருமியையும் சரியாகக் கொல்லாது. எந்த இயந்திரமாயினும் உறுப்புகளைக் காலத்தில் மாற்றாவிட்டால், அதுவே கிருமி வளர்க்கும் பெட்டியாகிவிடும்.

கேன் தண்ணீர் நம்பத் தக்கதா?

கேன் தண்ணீர் வாங்கிவிட்டால் கவலை இல்லை என்ற எண்ணமும் நிலைக்கவில்லை. 2025இல் கர்நாடக உணவுப் பாதுகாப்புத் துறை புட்டித் தண்ணீர் மாதிரிகளைச் சோதித்தது. முடிவு தெரிந்த 255 மாதிரிகளில் 72 மட்டுமே பாதுகாப்பானவை. 95 பாதுகாப்பற்றவை, 88 தரக்குறைவானவை. புட்டித் தண்ணீரை அபாயம் மிகுந்த உணவு வகைகளின் பட்டியலில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 இறுதியில் சேர்த்ததும் குறிப்பிடத்தக்கது.

20 லிட்டர் கேன் வாங்குகிறவர்கள் மூடியில் முத்திரை உடையாமல் இருக்கிறதா, தயாரிப்புத் தேதியும் உரிம எண்ணும் இருக்கின்றனவா என்று பார்ப்பது நல்லது. வெயிலில் நாள் முழுதும் கிடந்த கேன், உட்புறம் பச்சை படர்ந்த கேன் ஆகியவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். காசு போட்டால் குடம் நிறைக்கும் 'சுத்த குடியுவ நீரு' நிலையங்கள் ஏழைகளுக்குப் பெரிய உதவி. ஆயினும் அங்கும் குடம் சுத்தமாக இருந்தால்தான் தண்ணீர் சுத்தம்.

செலவுக் கணக்கு

நாலைந்து பேர் கொண்ட குடும்பத்துக்குக் குடிக்க மட்டும் நாளொன்றுக்கு 10 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 20 லிட்டர் கேன் 40 ரூபாய் என்றால், மாதம் 15 கேனுக்கு 600 ரூபாய். காசு போடும் நிலையத்தில் 20 லிட்டருக்கு 10 ரூபாய் என்றால் 150 ரூபாய். அடுப்பில் 10 லிட்டரைக் கொதிக்க வைக்க ஏறத்தாழ 125 கிராம் எரிவாயு பிடிக்கும். மாதத்துக்குப் பார்த்தால் 14.2 கிலோ சிலிண்டரில் கால் பங்குக்குச் சற்று மேல். சிலிண்டர் 850 ரூபாய் என்றால் சுமார் 225 ரூபாய். சின்ன சிலிண்டரைச் சில்லறையாக நிரப்புகிறவர்களுக்கு இன்னும் கூடுதல்.

எரிவாயு கட்டுப்படியாகாத வீட்டில் எல்லாத் தண்ணீரையும் காய்ச்ச முடியாது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியோர், நோயாளிகள் ஆகியோருக்காவது காய்ச்சிய நீர் என்று முன்னுரிமை வைத்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்குக் குளோரின் மாத்திரை இருக்கிறது. பொட்டலத்தில் குறிப்பிட்ட அளவில் போட்டு அரை மணி நேரம் மூடி வைத்தால் போதும்.

வீட்டில் செய்யக்கூடியவை

காய்ச்சுவதிலும் முறை உண்டு. அடியில் குமிழி எழுந்தவுடன் இறக்கிவிடக் கூடாது. முழுதும் கொதித்துப் புரள வேண்டும். ஒரு நிமிடம் புரண்டால் போதும். அரை மணி நேரம் காய்ச்சுவது எரிவாயு விரயம். காய்ச்சிய பாத்திரத்திலேயே மூடி ஆறவிட வேண்டும். ஆற்றுவதற்காகப் பச்சைத் தண்ணீர் கலந்தால் செய்த வேலை வீண். குழாய் வைத்த மூடிய பாத்திரம் சிறந்தது. குடமானால் நீண்ட காம்புள்ள அகப்பையால் எடுக்க வேண்டும். தண்ணீர் திறந்தவுடன் வரும் முதல் சில குடங்களைக் குடிக்கப் பிடிக்காமல் கழுவ வைத்துக்கொள்வது மற்றொரு நல்ல பழக்கம். நின்ற குழாயில் உறிஞ்சப்பட்ட அழுக்கு முதலில்தான் வரும்.

சம்பை ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது காலி செய்து தேய்த்துக் கழுவ வேண்டும். மூடியின் விளிம்பைத் தரையிலிருந்து சற்று உயர்த்திக் கட்ட வேண்டும். கலங்கல் இல்லாத தண்ணீரானால் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் என்பது சுகாதாரத் துறையில் வழக்கமான அளவு. அதை ஒரு வாளியில் கரைத்துத் தெளியவைத்து, தெளிந்த நீரை மட்டும் சம்பில் ஊற்ற வேண்டும். அரை மணி கழித்தே பயன்படுத்த வேண்டும்.

தண்ணீரைச் சோதிப்பதும் எட்டாத காரியமல்ல. எச்.டு.எஸ். குப்பி என்ற சிறிய சோதனைப் புட்டி கிடைக்கிறது. அதில் குறியிட்ட அளவுக்குத் தண்ணீர் நிரப்பி ஓரிரு நாள் வைத்தால், மலக் கிருமி இருக்கும் தண்ணீர் கறுத்துவிடும். கறுத்தால் சந்தேகம் வேண்டாம். நைட்ரேட், புளோரைடுக்கு ஆய்வகச் சோதனையே வழி. பத்து வீட்டுக்கு ஒரே சம்ப் என்றால் பத்து வீடும் கட்டணத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். இயந்திரத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய முதல் செலவு இதுதான்.

கேட்டால்தான் கிடைக்கும்

வாடகைக்குடியினரின் உண்மையான தடை பணம் மட்டுமல்ல, பயம். "சம்பைக் கழுவுங்கள்" என்று கேட்டால் வீட்டுக்காரர் "பிடிக்காவிட்டால் காலி செய்" என்பாரோ என்ற பயம். வாரியத்தில் புகார் செய்யக் கன்னடம் சரியாக வராதே என்ற கூச்சம். இந்த இரண்டு காரணங்களாலேயே பல சந்துகளில் சாக்கடை வாடையடிக்கும் தண்ணீரை வாரக் கணக்கில் பொறுத்துக்கொள்கிறார்கள்.

ஒருவர் கேட்டால் அது தகராறு. பத்து வீட்டாரும் சேர்ந்து கேட்டால் அது கோரிக்கை. குடிநீர் வாரியத்தின் புகார் எண் 1916. புகார் கொடுக்க ஆர்.ஆர். எண் கேட்பார்கள், அது வீட்டுக்காரரிடம் இருக்கும் தண்ணீர் பில்லில் இருக்கிறது. அதை முன்கூட்டியே வாங்கிக் குறித்துவைப்பது நல்லது. எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, என்ன வாடை, எத்தனை பேருக்கு நோய் என்று குறித்து, புகார்ப் பதிவு எண்ணையும் எழுதிவைத்தால் அதிகாரி தட்டிக்கழிக்க இயலாது. வரிசையில் கன்னடம் எழுதத் தெரிந்த குமாஸ்தா ஒருவராவது இருப்பார். பக்கத்து வீட்டுச் சித்தாளுக்கும் தையல் தொழிலாளிக்கும் அவர் ஒரு மனு எழுதிக் கொடுப்பது அரை மணி நேர வேலை. கன்னட அண்டை வீட்டாரும் அதே தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். அவர்களது கையெழுத்தும் மனுவில் இருந்தால் அதன் எடை இரட்டிப்பாகும்.

மாசற்ற நீர் கிடைப்பது வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1991இலேயே சுபாஷ் குமார் வழக்கில் சொல்லிவிட்டது. அந்த உரிமை வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவருக்கு மட்டும், சொந்த வீடு உள்ளவருக்கு மட்டும் என்று எங்கும் சொல்லப்படவில்லை. 2025 ஏப்ரலில் வாரியம் பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு கட்டணத்தை உயர்த்தியது. கூடுதல் கட்டணத்தை வீட்டுக்காரர்கள் வாடகையோடு சேர்த்து வாங்கிக்கொள்கிறார்கள். பணம் கொடுப்பவருக்குத் தரம் கேட்கும் உரிமையும் உண்டு.

கிருமியை வீட்டில் கொல்லலாம். அதற்கு அடுப்பும் மூடியும் சற்று அக்கறையும் போதும். சாக்கடைக் குழாயை மாற்றுவதும், விளிம்புப் பகுதிகளுக்குக் காவிரியைக் கொண்டுசெல்வதும், நைட்ரேட் மிகுந்த கிணற்றை மூடுவதும் வீட்டால் ஆகாதவை. இந்த இரண்டையும் பிரித்து அறிந்துகொண்டால் தேவையற்ற இயந்திரத்துக்குப் பணம் போகாது. தேவையான புகார் எழுதப்படாமலும் இருக்காது. அடுத்த முறை வீடு பார்க்கப் போகிறவர்கள் "காவேரி வருமா?" என்பதோடு நிறுத்தாமல், "சம்பை எப்போது கழுவினீர்கள்?" என்றும் கேட்பார்களானால், அதுவே நல்ல தொடக்கம்.